வெற்றி சதவீதம் மட்டும் போதாது: கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாரி கோக்கர் 2001 முதல் 2006 வரை மயாமி பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர். 60 வெற்றி, 15 தோல்வி. சரியாக 80 சதவீதம். பில் ஸ்னைடர் கன்சாஸ் ஸ்டேட் அணியை இரு தவணைகளாக 27 சீசன்கள் நடத்தினார். 215 வெற்றி, 117 தோல்வி, ஒரு டிரா; 64.7 சதவீதம். இந்த இரண்டு எண்களை மட்டும் ஒருவரிடம் கொடுத்து யார் சிறந்தவர் என்று கேட்டால், அவர் தயங்காமல் கோக்கரைக் காட்டுவார். கோக்கரை மயாமி பதவியிலிருந்து நீக்கியது. கன்சாஸ் ஸ்டேட்டின் மைதானமோ ஸ்னைடர் குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தோடு ஆடும் அமெரிக்க ஆட்டம். அதன் உயர்மட்டப் பிரிவில் 130-க்கு மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் இருக்கின்றன. ஓர் அணி ஒரு சீசனில் வழக்கமாக 12 ஆட்டங்களே ஆடும். ஆக, பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை மோதும் ஐரோப்பிய லீக் பட்டியலைப் படித்துப் பழகிய கண்ணோடு இதைப் பார்த்தால் சறுக்கல் நிச்சயம்.

எங்கிருந்து தொடங்கினார் என்று கேட்காமல் விடுவது

தவறுகளில் பெரியது இதுதான். ஸ்னைடர் 1989-இல் வந்தபோது கன்சாஸ் ஸ்டேட் தொடர்ந்து 27 ஆட்டங்களாக வெற்றியையே பார்க்காத அணி: 26 தோல்வி, ஒரு டிரா. சீசன் முடிந்தபின் நல்ல அணிகளுக்குக் கிடைக்கும் 'பவுல்' ஆட்ட அழைப்பு, அதுவரையிலான வரலாற்றில் ஒரே ஒரு முறை, 1982-இல் கிடைத்திருந்தது. அவருடைய முதல் சீசனில் ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. அடுத்த ஆண்டு ஐந்து வெற்றி. அதற்கடுத்த ஆண்டு ஏழு. 1998-இல் 11 வெற்றி, 2 தோல்வி. 2003-இல், தங்களுக்குள் மோதும் அணிகளின் கூட்டமைப்பான பிக் 12 கான்ஃபரன்ஸின் பட்டம்.

முதல் தவணை 2005-இல் முடிந்தது. அடுத்து வந்த ரான் பிரின்ஸ் மூன்று சீசன்களில் 17 வெற்றி, 20 தோல்வி என்று முடித்தார். 2009-இல் ஸ்னைடர் திரும்பி வந்தார். 2012-இல் அதே அணி மறுபடியும் பிக் 12 பட்டம் வென்றது. புள்ளியியல் படித்தவர்கள் ஆசைப்படும் இயற்கைச் சோதனை இது. பல்கலைக்கழகமும் ஊரும் கான்ஃபரன்ஸும் மாறவில்லை, பயிற்சியாளர் மட்டுமே மாறி மாறி வந்தார். இப்படி ஒரு வாய்ப்பு விளையாட்டில் அரிதாகவே கிடைக்கும்.

மயாமியின் கதை நேர்மாறானது. கோக்கருக்கு முன் அங்கே இருந்தவர் புட்ச் டேவிஸ். 1990-களின் நடுவில் தண்டனையாக, வீரர்களுக்குக் கொடுக்கும் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வெட்டப்பட்டிருந்த அணியை, 1997-இல் 5-6 (ஐந்து வெற்றி, ஆறு தோல்வி) என்ற அவமானத்தையும் தாங்கிக்கொண்டு அவர் கட்டி எழுப்பினார். ஆறு சீசன்களில் அவர் கணக்கு 51-20, ஏறக்குறைய 72 சதவீதம். 2001 தொடக்கத்தில் அவர் தொழில்முறை அணி ஒன்றுக்குப் போய்விட, அவர் சேர்த்துவைத்த வீரர்கள் கோக்கரின் கைக்கு வந்தார்கள். அந்த 2001 அணியிலிருந்து 38 பேரைத் தொழில்முறை அணிகள் பிற்பாடு தேர்ந்தெடுத்தன. அணிகள் சுற்றுச் சுற்றாக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், அவர்களில் 17 பேர் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள். கோக்கரின் ஆண்டுக் கணக்கை வரிசையாகப் பாருங்கள்: 12-0, 12-1, 11-2, 9-3, 9-3, 7-6. டேவிஸ் சேர்த்த வீரர்கள் ஆண்டுக்கு ஆண்டு வெளியேற வெளியேற எண் இறங்குகிறது. 80 சதவீதம் என்ற சராசரி இந்தச் சரிவை முழுக்க மறைத்துவிடுகிறது. கட்டியவருக்கு 72, குடியேறியவருக்கு 80.

கோக்கருக்கும் நியாயம் செய்தாக வேண்டும். கையில் வந்த நல்ல அணியைக் கெடுக்காமல் தேசியப் பட்டம் வரை கொண்டுபோவதும் ஒரு திறமைதான். அதைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. ஸ்னைடரின் கணக்கிலும் ஒரு சலுகை இருக்கிறது. 1990-களில் கான்ஃபரன்ஸுக்கு வெளியே எளிய எதிரிகளாகப் பார்த்து அவர் அட்டவணை போட்டார் என்ற குறை அப்போதே பேசப்பட்டது. தன் எதிரிகளில் சிலரைத் தாமே தேர்ந்தெடுக்க முடிகிற ஆட்டத்தில், வெற்றி சதவீதத்தின் ஒரு பகுதி அலுவலக மேசையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

ஆகவே ஒரு பயிற்சியாளரின் எண்ணை எடுத்தால், அதே பல்கலைக்கழகத்தில் அவருக்கு முந்தைய பத்தாண்டு எண்ணையும், அவருக்குப் பிந்தைய எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். இதற்கு மேலான சூத்திரங்கள் உண்டு. ஆனால் இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வாக்குவாதம் அடங்கும்.

வெவ்வேறு படிகளில் ஏறியவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவது

ஸ்காலர்ஷிப் கொடுக்காத மூன்றாம் பிரிவில், ஒஹையோவின் மவுண்ட் யூனியன் கல்லூரிக்கு 1986 முதல் 2012 வரை பயிற்சி தந்தவர் லாரி கேரஸ். 332 வெற்றி, 24 தோல்வி, 3 டிரா, 92.9 சதவீதம், 11 தேசியப் பட்டங்கள். எந்தப் பட்டியலிலும் உச்சியில் நிற்கிற எண் இது. அவருக்குப் பின் வந்த மகன் வின்ஸ் கேரஸ் ஏழு சீசன்களில் 95-6 என்று முடித்தார். அது 94 சதவீதம். மகன் அப்பாவை மிஞ்சிவிட்டார் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது; அப்பா போட்ட பாதையில் மகனும் நன்றாக ஓடினார் என்பதே பொருத்தமான வாசிப்பு.

ஒரே ஆளுக்குள்ளேயும் இந்தச் சிக்கல் வரும். கிரிஸ் பீட்டர்சன் பாய்சி ஸ்டேட்டில் எட்டு சீசன்களில் 92-12. பிறகு வலுவான பேக் 12 கான்ஃபரன்ஸில் இருந்த வாஷிங்டனுக்குப் போனார். ஆறு சீசன்களில் 55-26. முன்னது 88.5 சதவீதம், பின்னது 67.9. கூட்டினால் 147-38, அதாவது 79.5. இந்த 79.5 எந்த இடத்துப் பீட்டர்சனையும் குறிக்கவில்லை. மொத்த எண்ணைச் சொல்லுமுன் பணியிடம் வாரியாகப் பிரித்துக் காட்டுவதே நேர்மை.

அதிகாரப்பூர்வ எண்ணை ஆடுகள எண்ணாக நினைப்பது

2021 செப்டம்பரில் நோட்டர் டேம் பயிற்சியாளர் பிரையன் கெல்லி அங்கே தன் 106-ஆவது வெற்றியைப் பெற்று, அதே அணியின் பழைய பயிற்சியாளர் நூட் ராக்னியின் 105-ஐத் தாண்டினார் என்று செய்தி வந்தது. அதில் இரண்டு கண்ணிகள். முதலாவது, 2012, 2013 சீசன்களின் 21 வெற்றிகளை, படிப்பு தொடர்பான விதிமீறலுக்காகக் கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஏற்கெனவே கணக்கிலிருந்து நீக்கியிருந்தது. அந்த ஏட்டின்படி கெல்லி ராக்னியைத் தாண்டவே இல்லை. இரண்டாவது, ராக்னி 13 சீசன்களில் ஆடியவை 122 ஆட்டங்கள். கெல்லி 12 சீசன்களில் ஆடியவை 153. சீசனுக்கு ஒன்பது ஆட்டம் இருந்த காலத்தவரையும் பன்னிரண்டு பதின்மூன்று இருக்கும் காலத்தவரையும் மொத்த வெற்றியால் ஒப்பிடுவது வீண் வேலை.

தண்டனைகளிலும் இரண்டு வகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெற்றியை ரத்து செய்வது ஒன்று: வெற்றி மறையும், ஆனால் தோல்வியாக மாறாது. தோல்வியாகவே எழுதுவது மற்றொன்று. அலபாமாவின் ஜீன் ஸ்டாலிங்ஸ் ஆடுகளத்தில் எடுத்தது 70-16-1 (கடைசி எண் டிரா). 1993 சீசனின் எட்டு வெற்றிகளும் ஒரு டிராவும் தோல்விகளாக எழுதப்பட்டதில், அந்த ஆண்டின் 9-3-1 என்பது 1-12 ஆகி, மொத்தக் கணக்கு 62-25 ஆயிற்று. ஒரே குற்றத்துக்கு எந்தத் தண்டனை விழுகிறது என்பதைப் பொறுத்துச் சதவீதம் வேறாகிவிடும். பென் ஸ்டேட்டின் ஜோ பட்டர்னோ கணக்கு இன்னும் விசித்திரமானது. முன்னாள் உதவிப் பயிற்சியாளரின் சிறார் பாலியல் குற்றங்களை நிர்வாகம் கையாண்ட விதத்துக்காக 2012 ஜூலையில் அவருடைய 409 வெற்றிகள் 298 ஆயின. 2015 ஜனவரியில் மறுபடி 409 ஆயின. இடைப்பட்ட காலத்தில் அச்சான புத்தகங்களில் எந்த எண் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிய தீர்ப்பு வேறு. அதைச் சொல்ல வெற்றி எண் எந்த வகையிலும் தகுதியானதல்ல.

வெற்றி யார் கணக்கில் விழுகிறது என்பதும் உண்டு. 2018-இல் ஒஹையோ ஸ்டேட் 13-1. தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மேயர் இடைநீக்கத்தில் இருந்த முதல் மூன்று வெற்றிகள், தற்காலிகமாகப் பொறுப்பேற்ற ரயன் டே கணக்கில் சேர்ந்தன. மேயருக்கு அந்த ஆண்டு 10-1.

டிராவைப் பற்றிச் சுருக்கமாக. 1996-க்கு முன் உயர்மட்டப் பிரிவின் வழக்கமான சீசன் ஆட்டங்களில் கூடுதல் நேரம் இல்லை, டிரா உண்டு. ராக்னியின் 105-12-5 என்ற கணக்கில் டிராவை அரை வெற்றியாக எண்ணினால் 88.1 சதவீதம், விட்டுவிட்டால் 89.7; வெறும் ஆட்டமாக மட்டும் எண்ணினால் 86.1. அரை வெற்றி என்பதே வழக்கம். எதை வேண்டுமானாலும் எடுங்கள், இரண்டு பேருக்கும் ஒன்றையே எடுங்கள்.

ஏழு ஆட்டங்களை வைத்து முடிவெடுப்பது

ஒவ்வோர் ஆட்டத்தையும் நாணயம் சுண்டித் தீர்மானித்தாலும், 12 ஆட்டத்தில் ஒன்பதோ அதற்கு மேலோ வெல்லும் வாய்ப்பு ஒருவருக்கு 7.3 சதவீதம் இருக்கிறது. 130 அணிகளும் அப்படியே ஆடினால், ஏறக்குறைய ஒன்பது பத்துப் பயிற்சியாளர்கள் அந்த ஆண்டு மேதைகளாகிவிடுவார்கள்.

2005-இல் நோட்டர் டேம் தன் புதிய பயிற்சியாளர் சார்லி வைஸுக்கு, அணி 5-2 என்று இருந்தபோதே, 2015 வரை நீளும் ஒப்பந்தம் கொடுத்தது. ஏழு ஆட்டங்கள்! அவர் 2009-இல் நீக்கப்பட்டபோது கணக்கு 35-27, அதாவது 56.5 சதவீதம். போதவில்லை என்று அவருக்கு முன் விரட்டப்பட்ட டைரோன் வில்லிங்ஹாமின் 21-15 என்பது 58.3 சதவீதம்.

எவ்வளவு புள்ளியில் வென்றார்கள் என்பதையும் வெற்றி-தோல்விக் கணக்கு விழுங்கிவிடுகிறது. 1916-இல் ஜான் ஹைஸ்மனின் ஜார்ஜியா டெக் கம்பர்லாண்டை 222-0 என்று அடித்ததும் ஒரு வெற்றிதான். மறுபக்கம் ஸ்காட் ஃப்ராஸ்டின் 2021 நெப்ராஸ்கா: 3-9. ஆனால் ஒன்பது தோல்விகளும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில் வந்தவை. சீசன் முழுவதும் அந்த அணி கொடுத்ததைவிட எடுத்த புள்ளிகளே அதிகம். இப்படிப்பட்டவர்களை 'அதிர்ஷ்டம் இல்லாதவர்' என்று சொல்லிக் கடந்துவிடுவது புள்ளியியல் பேசுவோரின் வழக்கம். அதையும் சோதிக்கலாம். நெப்ராஸ்காவில் ஒரே முயற்சியில் ஈடுகட்டிவிடக்கூடிய நெருக்கமான ஆட்டங்களில் ஃப்ராஸ்டின் கணக்கு 5-22. நாணயம் சுண்டினால் 27-இல் ஐந்து அல்லது அதற்குக் குறைவாக வெல்லும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களில் மிக மோசமான ஒருவரைப் பொறுக்கி எடுத்திருக்கிறோம் என்பதற்குக் கழிவு கொடுத்தாலும், முழுப் பழியையும் அதிர்ஷ்டத்தின் மேல் போட முடியாது என்றே நினைக்கிறேன்.

தசமப் புள்ளியையும் கடைசித் தேதியையும் நம்புவது

ஓக்லஹோமாவின் பேரி ஸ்விட்சரும் நெப்ராஸ்காவின் டாம் ஆஸ்போர்னும் ஒரே ஆண்டில், 1973-இல், ஒரே கான்ஃபரன்ஸில் தலைமைப் பொறுப்பேற்றார்கள். ஸ்விட்சர் 157-29-4, 83.7 சதவீதம். ஆஸ்போர்ன் 255-49-3, 83.6 சதவீதம். இருவருக்கும் மூன்று தேசியப் பட்டங்கள். ஸ்விட்சரின் எண்ணில் திட்டப்பிழை (தற்செயலால் எண் எவ்வளவு மேலே கீழே போகலாம் என்ற அளவு) சுமார் 2.7 சதவீதப் புள்ளி, ஆஸ்போர்னின் எண்ணில் 2.1. இதற்கிடையே 0.1 வித்தியாசத்தைத் தூக்கிப்பிடித்து ஒருவரை முன்னால் நிறுத்துவதில் பொருளில்லை. நேருக்கு நேர் ஸ்விட்சர் 12-5 என்று முன்னிலை. அதுவே இங்கே அதிகம் பேசும் எண். அதுவும்கூட 17 ஆட்டங்கள்தான்.

ஆஸ்போர்ன் 1992-உடன் ஓய்வு பெற்றிருந்தால்? 195-46-3, 80.5 சதவீதம், ஒரு தேசியப் பட்டமும் இல்லை. பெரிய ஆட்டத்தை வெல்லத் தெரியாதவர் என்ற பேச்சுக்கு அன்று இருபது ஆண்டுத் தரவு இருந்தது. கடைசி ஐந்து சீசன்களில் 60-3 எடுத்து மூன்று பட்டங்களையும் வென்றார்.

இன்னும் பதவியில் இருப்பவரை, கணக்கு முடிந்துபோனவரோடு ஒப்பிடும்போது இந்தத் தவறு சத்தமில்லாமல் நுழைகிறது. முடிந்தவரின் எண்ணில் முதுமைக் காலச் சரிவும் சேர்ந்திருக்கும். நடப்பவருக்கு அது இன்னும் வரவில்லை. இருவருக்கும் முதல் எட்டு சீசன், அல்லது சிறந்த பத்து சீசன் என்று ஒரே அளவில் வெட்டி வைத்துப் பார்க்க வேண்டும். ஃப்ளோரிடா ஸ்டேட்டின் பாபி பௌடன் 1987 முதல் 2000 வரை 14 ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் முடித்தார். அந்தக் காலத்துக் கணக்கு 152-19-1. ஆனால் அவர் 80 வயது வரை நீடித்தார். அலபாமாவின் நிக் சாபன் 72 வயதில் விலகிக்கொண்டார். சாபனின் கடைசி சீசன் 12-2. பௌடனின் கடைசி சீசன் 7-6.