பெரிய மரத்தில் பாசி, தொற்றுச்செடி: எதை விடலாம், எதை வெட்டணும்

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து விளைகளில் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. அயனி, மா, பலா எதுவானாலும் வயதான மரத்தில் பாசி படியத்தான் செய்யும். மரம் வாடினால் பழி பாசிமேல் விழுகிறது. பாசிக்கு வேர் கிடையாது. பட்டையில் ஒட்டி மழைநீரில் பிழைக்கிறது. கற்பாசியும் அப்படியே. இலை குறைந்து வெயில் விழும் கொம்பில் அது கூடும். மரம் மெலிந்ததற்கு அடையாளம், காரணம் அல்ல. காரணத்தை வேரடியில் தேடுங்கள்: தேங்கும் தண்ணீர், அடிமரத்தை மூடிக் கொட்டிய மண்.

பாசியை எடுத்தே ஆகவேண்டுமென்றால் நனைத்து, தேங்காய்த் தும்பால் தேய்த்தால் போதும். கம்பி பிரஷ், உப்பு, மண்ணெண்ணெய் வேண்டாம், பட்டை புண்ணாகும்.

பட்டையில் தொற்றி மட்டும் வாழும் வாண்டா ஆர்க்கிடை விட்டுவிடுங்கள். பெரணி கவட்டையில் சருகு சேர்த்துக் கனத்தால் மட்டும் குறையுங்கள். நனைந்த சருகின் பாரத்தில் உளுத்த கொம்பு முறியும். கவட்டைப் பொந்தில் சிமெண்ட் அடைக்காதீர்கள், உள்ளே ஈரம் நின்று அழுகல் கூடும்.

உண்மையான எதிரி புல்லுருவி. மரத்துக்குள்ளேயே உறிஞ்சு வேரை இறக்கி நீரையும் உப்புச்சத்தையும் இழுக்கிறது. பழத்தைத் தின்னும் பூக்கொத்திக் குருவி பிசுபிசுப்பான விதையை அடுத்த கொம்பில் ஒட்டிவிடும். ஆகவே பழுக்குமுன் வெட்டுங்கள். செடியை மட்டும் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். அது பிடித்த இடத்திலிருந்து அடிமரப் பக்கமாக ஒரு அடி விட்டுக் கொம்பையே அறுக்க வேண்டும். கனத்த கொம்பென்றால் முதலில் அடியில் கால்வாசி அறுத்து, சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுங்கள். இல்லையேல் பட்டை உரிந்து இறங்கும். தாய்க்கொம்பில் பிடித்திருந்தால் துளிரைத் திரும்பத் திரும்பச் செதுக்குவதே வழி.

வெட்டுவாயில் பூசணம் தடுக்கும் போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் துரிசை (மயில்துத்தம், காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துரிசு நீரைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்சட்டி மட்டும். இரும்பை துரிசு அரிக்கும். கத்தி முனையை முக்கிப் பாருங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றே பூசிவிடுங்கள், மறுநாள் வீரியம் இருக்காது.

மரத்தின் மேலேயே முளைக்கும் ஆலும் அரசும் வேறு வகை ஆபத்து. கன்று சிறிதாயிருக்கையில் மழைக்குப் பின் கையாலேயே பிடுங்கலாம். விழுது தரை தொட்டுவிட்டால் ஒரே வெட்டு போதாது, முனைகள் கூடிவிடும். ஒரு அடித் துண்டாக வெட்டி எடுத்துவிட்டு, மேலே உள்ளதைக் காய விடுங்கள். பட்டையோடு பிய்த்து இழுக்க வேண்டாம்.

ஏறுமுன் முசுறுக் கூடு, மின்கம்பி இரண்டையும் பாருங்கள். கயிறு பிடிக்கக் கீழே ஒருவர் நிற்கட்டும். பாசி நனைந்திருக்கும் நாளில் ஏறவே வேண்டாம்.