பதிவுப் படிவத்தில் பக்க ஓட்டம்: ஃபிளாஸ்க்கில் படிப்படியாக

ஏப்ரலில் தமிழ் மொழி விழா வந்தால் சிங்கப்பூரில் பட்டறைகளுக்கும் போட்டிகளுக்கும் பதிவுப் படிவங்கள் வரிசைகட்டும். அப்படியொரு பட்டறைப் பதிவை, பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஃபிளாஸ்க்கில் செய்வோம். பக்கங்கள் நான்கு: பெயரும் கைப்பேசி எண்ணும், பட்டறைத் தேர்வு, சரிபார்ப்பு, நன்றி.

முதலில் காகிதத்தில் நான்கு கட்டங்கள் வரைந்து அம்புக்குறி போடுங்கள். எண்ணைத் திருத்தத் திரும்பி வருபவர்களுக்காகப் பின்னோக்கிய அம்பும் வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி முகவரி, அதைக் கையாளும் தனி ஃபங்ஷன்.

அப்புறம், கெட் கோரிக்கை (பக்கத்தைக் கேட்பது) வந்தால் ஃபங்ஷன் பக்கத்தைக் காட்டட்டும். போஸ்ட் (நிரப்பிய படிவத்தை அனுப்புவது) வந்தால் விவரத்தைச் சோதிக்கட்டும். சிங்கப்பூர்க் கைப்பேசி எண்ணுக்கு 8 இலக்கம், தொடக்கம் 8 அல்லது 9. தவறு என்றால், தட்டியதை அழிக்காமல் அதே பக்கத்தைப் பிழைச் செய்தியோடு காட்டுங்கள்.

எல்லாம் சரியென்றால் அடுத்த பக்கத்தை அங்கேயே காட்டிவிடாதீர்கள். விவரத்தைச் செஷனில் (பக்கம் மாறினாலும் ஒருவரின் விவரத்தை நினைவில் வைக்கும் இடம்) வைத்துவிட்டு, ரீடைரெக்ட் செய்யுங்கள், அதாவது அடுத்த முகவரிக்குப் போகும்படி பிரவுசரிடம் சொல்லுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ரீஃப்ரெஷ் செய்பவரின் போஸ்ட் மறுபடி போகும், ஒரே ஆளுக்கு இரண்டு இடம் பதிவாகும். ரீடைரெக்ட்டுக்கு ஃபிளாஸ்க் தானாக அனுப்பும் நிலைக் குறியீடு 302. போஸ்ட்டுக்குப் பின் அடுத்த பக்கத்தைக் கெட்டில் கேட்கச் சொல்லும் இந்த வேலைக்கென்றே இருப்பது 303, அதையே குறிப்பிட்டுக் கொடுங்கள்.

ஃபிளாஸ்க்கின் செஷன் வழக்கமாகக் குக்கியில்தான், அதாவது பயனரின் பிரவுசரில் சேமிக்கப்படும் சிறு தரவில்தான் இருக்கும். ரகசியச் சாவியால் கையொப்பமிடப்படுவதால் யாரும் அதை மாற்ற முடியாது, ஆனால் படிக்க முடியும். அடையாள அட்டை எண்ணை அதில் வைக்கவே கூடாது. பட்டறைப் பதிவுக்கு அதைக் கேட்பதே தவறு: சட்டம் கோரினாலோ, ஆளை மிக உறுதியாக அடையாளம் காண வேண்டியிருந்தாலோ தவிர, முழு எண்ணை நிறுவனங்கள் வாங்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் இங்கே விதி.

இனி காவல். மூன்றாம் பக்கத்தின் சுட்டியை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு பக்கமும் தொடங்கும்போதே, முந்தைய படிகளின் விவரம் செஷனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் விடுபட்ட முதல் படிக்கு அனுப்புங்கள். இதைச் சர்வரில்தான் செய்ய வேண்டும். பட்டனை மறைத்து வைப்பது காவல் ஆகாது.

கடைசி போஸ்ட்டில் தரவுத்தளத்தில் எழுதி, பதிவு எண்ணை மட்டும் செஷனில் விட்டு மற்றதை அழித்து, நன்றிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பக்கத்தின் காவல் பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பட்டனை இருமுறை படபடவென அழுத்தினால் ரீடைரெக்ட் தடுக்காது. பெயர், கைப்பேசி எண், பட்டறை மூன்றும் சேர்ந்து மறுபடி வரக்கூடாது என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு வையுங்கள். கைப்பேசி எண்ணுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை வைத்தால், ஒரே எண்ணில் இரு பிள்ளைகளைப் பதியும் பெற்றோர் மாட்டிக்கொள்வார்கள்.

சோதிக்க, புதிய மறைநிலைச் சாளரத்தில் மூன்றாம் பக்கத்தை நேராகத் திறங்கள். முதல் பக்கம் வர வேண்டும். பிறகு பதிவை முடித்து, நன்றிப் பக்கத்தைச் சிலமுறை ரீஃப்ரெஷ் செய்து, தரவுத்தளத்தில் ஒரே வரிதான் இருக்கிறதா என்று பாருங்கள்.