ஆறு ஃபேன் இருந்தும் ஏன் கொதிக்கிறது? கணினிப் பெட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தானாக அணைந்துபோகிறது என்று என்னிடம் வந்த கணினியைக் கடையில் மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போன மறுநாள் மதியமே அதைக் கொண்டுவந்த தம்பி போன் செய்தான்: "அண்ணாச்சி, திரும்பவும் அணைந்துவிட்டது." கல்லூரியில் படிக்கிற பையன். வீடியோ தொகுக்கும் வேலைக்காக வீட்டில் கெஞ்சி வாங்கிய கணினி அது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கோடு ஆறு ஃபேன். அத்தனை இருந்தும் சித்திரை மாத மதியத்தில் இருபது நிமிடம் தாங்கவில்லை.

அடுத்த முறை கணினியைக் கொண்டுவரச் சொல்லாமல் நானே போனேன். திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய பழைய வீடு. முன்வாசலில் நின்றால் தார்சா, பட்டாசல், அடுக்களை எல்லாவற்றையும் தாண்டிப் புறவாசலின் வெளிச்சம் நேராகத் தெரியும். பட்டாசலில் உட்கார்ந்தால் மதியத்திலும் காற்று மேலே பட்டுக்கொண்டே இருக்கும். கணினி இருந்ததோ மாடியில், பிற்பாடு கட்டிய கான்கிரீட் அறையில். வெயில் விழும் மேற்குச் சுவர், ஒரே ஒரு ஜன்னல், மேசைக்கு அடியில் மூன்று பக்கமும் பலகை அடைத்த கூண்டு, அதற்குள் கேபினெட் என்கிற கணினிப் பெட்டி.

காற்று வருவதற்கு ஒரு வாசல், போவதற்கு எதிரே ஒரு வாசல், இடையில் தடையில்லாத வழி. கீழ்வீட்டைக் கட்டியவர்கள் இதை அறிந்தே கட்டியிருக்கிறார்கள். கணினிப் பெட்டிக்கும் வேண்டியது இதுவேதான். ஃபேன் காற்றைத் தள்ளும். வழியை அது உண்டாக்காது. வழி இல்லாத இடத்தில் ஆறு ஃபேன் வைத்தாலும் பத்து வைத்தாலும், உள்ளே இருக்கிற சுடுகாற்றையே சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருக்கும்.

அறையை மறந்துவிடுவது

முதல் தவறு பெட்டிக்கு வெளியே நடக்கிறது. பிராசஸரின்மேல் பூட்டும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கும் அதன் ஃபேனும் சேர்ந்ததுதான் கூலர். அவை குளிர்ச்சியை உற்பத்தி செய்வதில்லை. பிராசஸரின் சூட்டை அறைக் காற்றிடம் ஒப்படைக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே பிராசஸரின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையோடு, அதற்கு மேல் ஏறும் அளவையும் கூட்டிய தொகை. குளிர்நாட்டில் ஒருவர் 22 டிகிரி அறையில் சோதித்து 70 டிகிரி காட்டிய கூலர் என்றால், ஏற்றம் 48. அதே கூலரை அதே வேலைக்கு மே மாதப் பாளையங்கோட்டையில் 38 டிகிரி அறையில் வைத்தால் ஏறக்குறைய 86 காட்டும். கூலரில் குறையில்லை, கணக்கு அப்படி. இன்றைய பிராசஸர்களில் பெரும்பாலானவை 95 முதல் 100 டிகிரியை எட்டும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் கருகிப்போகாமல் இருக்கக் கணினியே அணைந்துவிடும். வெளிநாட்டு விமர்சனத்தில் நிறைய இடைவெளி இருப்பதுபோல் தெரிவது, நம் ஊர்க் கோடையில் பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் மிஞ்சாது.

தண்ணீர் கூலர் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவைக்கிறது. அந்த ரேடியேட்டரும் அதே அறைக் காற்றைத்தான் நம்பியிருக்கிறது. அதிக மின்சாரம் இழுக்கும் பிராசஸருக்கு அது நல்லது, மறுக்கவில்லை; அறைச் சூட்டை அதனால் மீற முடியாது.

என் தவறும் இங்கேதான் இருந்தது. குளிர்சாதனம் ஓடும் கடையில், 25 டிகிரியில் வைத்துச் சோதித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, கொண்டுபோ" என்று அனுப்பியிருக்கிறேன். பையனின் மாடி அறை கடையைவிடப் பதின்மூன்று டிகிரி கூடுதல் சூடு.

அடுத்தது அந்த மரக் கூண்டு. கணினி மேசை என்று விற்கப்படுவதில் பலவற்றில், சிபியு என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பெட்டிக்கு இப்படி ஓர் அறை வைத்திருக்கிறார்கள். பின்பலகை மூடியிருந்தால், பின்னால் வெளியேறும் சுடுகாற்று போக இடமின்றிப் பக்கவாட்டில் வளைந்து முன்பக்கம் வரும். முன் ஃபேன் அதையே இழுத்து உள்ளே விடும். பெட்டி தன் மூச்சையே திரும்பச் சுவாசிக்கிறது. பின்பலகையை ஆசாரியிடம் சொல்லி அறுத்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கேபினெட்டை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். செலவில்லாத இந்த ஒரு மாற்றம், புதிய ஃபேன் வாங்குவதைவிடப் பெரும்பாலும் அதிகப் பலன் தரும்.

தரையில் பாய் விரித்து அதன்மேல் கேபினெட்டை வைப்பதும் நான் அடிக்கடி காண்பது. இன்றைய கேபினெட்களில் பெரும்பாலானவற்றில் கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். அடியில் இருக்கிறது, அதன் ஃபேன் தரைப்பக்கமிருந்து காற்றை இழுக்கிறது. பத்தமடைப் பாயோ ஜமுக்காளமோ அந்த வாயை அடைத்துவிடும். இரண்டு செங்கல்லை இருபுறமும் வைத்து உயர்த்தினாலே போதும், நடுவில் வழி திறந்திருக்க வேண்டும். யுபிஎஸ்ஸை முன்பக்கக் காற்று வாயை ஒட்டி வைக்காதீர்கள். ஓடும் கணினியின்மேல் பூவேலைத் துணியையும் போர்த்தாதீர்கள்.

ஏர் கூலர் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டி வைத்த அந்த ஏர் கூலரைக் கேபினெட்டுக்கு நேராகத் திருப்பி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். அதிலிருந்து வருவது ஈரக் காற்று. நுண்ணிய துளிகள் மதர்போர்டில் விழுந்து காய்ந்தால், ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு அங்கேயே தங்கும். ஈரமும் உப்பும் தூசியும் சேர்ந்தால் செம்புத் தடங்கள் அரிக்கும், மின்கசிவும் ஏற்படும். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் காற்றே உப்பைக் கொண்டுவருகிறது. அங்கே இன்னும் கவனம் வேண்டும். அறையைக் குளிர்விக்க ஏர் கூலர் இருக்கட்டும், பெட்டியைப் பார்த்து மட்டும் இருக்க வேண்டாம்.

ஃபேனை எண்ணிவிட்டு வழியை மறப்பது

பையனின் கேபினெட்டைத் திறந்தேன். முன்பக்கம் மூன்று ஃபேன், மேலே இரண்டு, பின்னால் ஒன்று. முன் மூன்றுக்கும் எதிரே விரல் இடைவெளியில் கண்ணாடிச் சுவர். காற்று நுழைய ஓரத்தில் ஒரு கீற்று மட்டுமே. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதே வீடியோ வேலையைக் கொடுத்தோம். பத்தே நிமிடத்தில் வெப்பநிலை கண்கூடாக இறங்கியது. கேபினெட் வாங்கும்போது முன்பக்கம் கம்பிவலைபோல் துளைகள் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி வேண்டுமென்றால் பக்கவாட்டில் இருக்கட்டும். அழகுக்காக முன்வாசலை அடைத்த பெட்டிகளைத் தயாரிப்பாளர்கள் விற்பதே எனக்கு வருத்தம். நம் வெயிலுக்கு அவை கொஞ்சமும் பொருந்தாதவை.

எத்தனை ஃபேன் போதும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 400 வாட் வெப்பம் விடுகின்றன என்று வையுங்கள். அந்த வெப்பத்தைச் சுமந்து வெளியேறும் காற்று, உள்ளே வந்ததைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால் நிமிடத்துக்குச் சுமார் 70 கன அடி காற்று தேவை. 120 மி.மீ. ஃபேன் ஒன்றின் அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் 50, 60 என்று போட்டிருப்பார்கள். அது எதிரே தடையே இல்லாதபோது அளந்தது. வடிகட்டியும் வலையும் தாண்டும்போது நன்றாகக் குறைந்துவிடும். அப்படியும் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்ற அமைப்பு பெரும்பாலோருக்குப் போதும். தட்டச்சு, கணக்கு, இ-சேவை வேலைகளுக்கு வைத்திருக்கும் 65 வாட் பிராசஸர் கணினிக்குப் பின்னால் ஒன்றும் முன்னால் ஒன்றும் இருந்தால் தாராளம். அந்தக் கணினிக்கு ஆறு ஃபேன் விற்பவர் உங்கள் பணத்தை வீணாக்குகிறார்.

திசை தவறுவது அடுத்தது. பின்னால் இருந்த ஃபேனைக் கணினியைப் பூட்டியவர் தலைகீழாக மாட்டியிருந்தார். மரக் கூண்டுக்குள் தேங்கிய சுடுகாற்றை அது உள்ளே இழுத்து, பிராசஸரை நோக்கி ஊதிக்கொண்டிருந்தது. சாதாரண ஃபேனில் ஒரு முகத்தில் இறக்கைகள் தடையின்றித் தெரியும். மறுமுகத்தில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். காற்று திறந்த முகத்தில் புகுந்து சட்டமுள்ள முகத்தில் வெளியேறும். இப்போது அழகுக்காக இறக்கையைத் திருப்பி அமைத்த ஃபேன்களும் விற்பனைக்கு வந்துவிட்டதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அருகே பிடியுங்கள். புகை உள்ளே போகிறதா, வெளியே தள்ளப்படுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். முன்பக்கமும் அடியிலும் உள்ள ஃபேன்கள் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பின்பக்கமும் மேற்பக்கமும் உள்ளவை வெளியே தள்ள வேண்டும்.

மேலே வைக்கும் ஃபேனிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முன்பக்கத்தை ஒட்டி மேலே ஒரு ஃபேன் வெளித்தள்ளினால், முன்னால் இப்போதுதான் நுழைந்த குளிர்ந்த காற்றைப் பிராசஸரை அடையும் முன்பே அது கவர்ந்துவிடும். பின்பக்கத்தை ஒட்டியது மட்டும் போதும். பையனின் கணினியில் முன்பக்கத்தை ஒட்டி மேலே இருந்ததைக் கழற்றி, துளையைத் தடித்த அட்டையால் மூடினேன். பின் ஃபேனைத் திருப்பி மாட்டினேன். மூன்று உள்ளே, இரண்டு வெளியே. ஒரு ஃபேன் குறைந்து, காற்றோட்டம் கூடியது.

பக்கக் கதவைக் கழற்றி வைத்து, எதிரே மேசை ஃபேனை ஓடவிடுவது நம் ஊரில் பரவலான வைத்தியம். அதை நான் மருந்தாக ஏற்பதில்லை. நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையாக ஏற்கிறேன். கதவைத் திறந்ததும் வெப்பநிலை சரசரவென்று இறங்கினால், உள்ளே வரும் காற்று அடைபட்டிருக்கிறது என்று பொருள். பெரிதாக மாறவில்லை என்றால் குற்றம் கூலரிலோ, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட்டிலோ இருக்கிறது. கண்டுபிடித்ததும் கதவை மூடிவிடுங்கள். திறந்த பெட்டிக்குள் பல்லி புகும், சிற்றெறும்பு குடியேறும். மதர்போர்டில் பல்லி விழுந்து எரிந்துபோன கணினிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. பின்பக்கத்தில் கார்டு செருகும் இடத்தின் தகடுகளைக் கழற்றி எறிந்துவிடுவதும் அதே ஆபத்துதான்.

கேபிள்களைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டாம். முன் ஃபேனுக்கு நேர் எதிரே கொத்தாகத் தொங்காமலும், இறக்கையில் உரசாமலும் இருந்தால் சரி.

தூசி

தென்மேற்குப் பருவக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிறபோது தென்காசிக்காரர்களுக்குச் சாரல். கிழக்கே நமக்குப் பெரும்பாலும் வறண்ட காற்றும் புழுதியும்தான். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று நம் கேபினெட்டுக்குள் மண்ணைக் கொட்டுகிறது. திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மண், மேலப்பாளையம், முக்கூடல் பகுதிகளில் பீடி சுற்றும் வீடுகளின் புகையிலைத் தூள், அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி என்று ஊருக்கு ஊர் வேறுபடும். எந்தத் தூசியானாலும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே கம்பளிபோலப் படிந்து காற்றை நிறுத்திவிடும். அடுக்களையை ஒட்டிய அறையென்றால் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து, துடைத்தாலும் வராது.

உள்ளே வரும் காற்று, வெளியேற்றும் காற்றைவிடச் சற்று அதிகமாக இருக்கும்படி அமைத்தால், இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் கசியும்; தூசி வடிகட்டியைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆனால் வடிகட்டியைக் கழுவாமல் விட்டால் இது தலைகீழாகிவிடும். முன்வழி அடைபட, வெளியேற்றும் ஃபேன்கள் ஒவ்வொரு இடுக்கிலும் புழுதியை இழுக்கத் தொடங்கும். ஆனி, ஆடி, ஆவணியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, முழுக்க உலர்த்தி மாட்டுங்கள். கொசுவலையை இரண்டு மடிப்பாக ஒட்டி வடிகட்டி செய்கிறவர்கள் காற்றையும் சேர்த்தே வடிகட்டிவிடுகிறார்கள். ஒரு மடிப்புக்கு மேல் வேண்டாம்.

சுத்தம் செய்யும்போது நடக்கும் தவறுகள் தூசியைவிட மோசமானவை. வண்டி ஒர்க்‌ஷாப்பின் காற்றுக் குழாயைப் பிடித்து அடிக்காதீர்கள். அதில் ஈரமும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் மிக அதிகம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்திவிட்டு, மொட்டைமாடியிலோ புறவாசலிலோ வைத்து, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷும் சிறிய புளோயரும் கொண்டு மெதுவாகச் செய்யுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் அது கட்டுக்கடங்காத வேகத்தில் சுழன்று பேரிங் கெட்டுப்போகும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

கூலர் சரியாக உட்காராதது

வழியைச் சரிசெய்த பிறகும் பையனின் பிராசஸர் எனக்குத் திருப்தி தரவில்லை. கிராபிக்ஸ் கார்டு அடங்கிவிட்டது. பிராசஸர் மட்டும் வேலை தொடங்கிய நொடியில் எகிறியது. அப்படி நொடியில் எகிறினால் காற்றைச் சந்தேகிக்கக் கூடாது, தொடர்பைச் சந்தேகிக்க வேண்டும். பிராசஸரோடு வரும் அழுத்திப் பூட்டும் கூலருக்கு நான்கு கால்கள். அதில் ஒன்று மதர்போர்டுக்குப் பின்னால் முழுமையாக வெளிவராமல் நின்றிருந்தது. கூலர் ஒரு பக்கம் மயிரிழை தூக்கியிருந்தது. பழைய பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிது வைத்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்திப் பூட்டினேன். புதுக் கூலர் மாட்டுகிறவர்கள் அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். உரிக்காமல் மாட்டி வந்த கணினிகள் ஒன்றிரண்டு அல்ல.

ஃபேன்களை மதர்போர்டில் செருகினால் சூட்டுக்கு ஏற்ப வேகத்தை, மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அமைக்கலாம். ஒரே செருகியில் பிரிப்பான் போட்டு ஐந்தாறு ஃபேனைக் கோக்காதீர்கள். பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒரு செருகி தாங்குவது 1 ஆம்பியர்.

எல்லாம் முடிந்தபோது மாலையாகிவிட்டது. அப்போது அளந்து முடிவு சொல்ல நான் ஒப்பவில்லை. மறுநாள் மதியம் 2 மணிக்கு, அதே மாடி அறையில், ஜன்னல் எப்போதும் இருக்கிறபடியே வைத்து, சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, அரை மணி நேரம் வீடியோவை ஓடவிடச் சொன்னேன். தம்பி அனுப்பிய படத்தில் அறை 37 டிகிரி, பிராசஸர் 83. முன்பக்கக் கண்ணாடி கட்டிலுக்கு அடியில் கிடந்தது.