அந்தரத்தில் நிற்கும் கை: டார்ச் முன் அமர்ந்து கண்ணாடி மணி செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டார்ச் என்னும் எரிவாயுச் சுடர்க் கருவியில் காட்டி உருக்கும் 6 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடிக் குச்சி ஒரு மீட்டர் நீளம் இருந்தாலும் அதன் எடை 70 கிராம்தான். உருகிய கண்ணாடியைச் சுற்றி மணியாக்கும் எஃகுக் கம்பியான மாண்ட்ரல் 10 கிராம் சொச்சம். இவ்வளவு லேசான பொருள்களைக் கையாளும் வேலையில் இரண்டு மணி நேரத்துக்குள் பிடரி இறுகி, தோள்பட்டை கடுத்து, விரல்கள் மரத்துப்போவது ஏன்?

தூக்கிப் பிடிக்கும் சுமை கண்ணாடி அல்ல, நம் கைதான். ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோ. முழங்கை எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றால், பக்கத்துக்கு 3 கிலோ வீதம் தோள் தசைகள் சுமக்கின்றன. அசையாமல் இறுகி நிற்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும், வலி கிளம்பும். மற்ற கைவேலைகளில் நினைத்தபோது கையைக் கீழே போடலாம். இங்கே முடியாது. உருகிய கண்ணாடி தொங்கிச் சரியாமல் இருக்க மாண்ட்ரல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அதனால் வேலையை நிறுத்தாமலே கைக்கு ஓய்வு கொடுக்க வழி வேண்டும். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால் வருபவை.

கிடைத்த மேசையில் டார்ச்சைப் பொருத்திவிடுவது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. எழுதும் மேசையின் உயரம் சுமார் 75 செ.மீ. டார்ச் அதற்கு மேல் 15 முதல் 20 செ.மீ. எழுந்து நிற்கும். ஆக, சுடர் தரையிலிருந்து 90 செ.மீ.க்கு மேல். சாதாரண நாற்காலியில் அமர்ந்தவரின் முழங்கையோ 65, 70 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். இந்த 20, 25 செ.மீ. இடைவெளியை ஈடுகட்டத் தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றன. வேலையில் மூழ்கியவருக்கு அது தெரிவதே இல்லை. எழுந்திருக்கும்போதுதான் தெரியும்.

எங்கே சுடர் இருக்க வேண்டும் என்பதை டார்ச் அணைந்திருக்கும்போது கண்டுபிடியுங்கள். பாதம் இரண்டும் தரையில் படிய உட்காருங்கள். ஒரு முறை மூச்சை இழுத்து விட்டுத் தோள்களைத் தொங்கவிடுங்கள். ஒரு கையில் மாண்ட்ரலையும் மறு கையில் குச்சியையும் எடுத்துக்கொண்டு, கண்ணை மூடி, முழங்கைகள் விலாவை ஒட்டியே இருக்க, இரண்டின் நுனியும் சந்திக்கும் இடத்துக்குக் கைகளைக் கொண்டுவாருங்கள். எங்கே வாட்டமாக இருக்கிறதோ அங்கே நிறுத்திக் கண்ணைத் திறங்கள். நுனிகள் நிற்கும் அந்த இடத்தில்தான் சுடர் வர வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது முழங்கையைவிட 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், நெஞ்சின் கீழ்ப்பகுதிக்கு நேராக அமையும். முன்கை லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்.

டார்ச் அதைவிட உயரத்தில் இருந்தால் முதலில் இருக்கையை உயர்த்துங்கள், தொங்கும் காலுக்குக் கீழே உறுதியான கால்பலகை வையுங்கள். அதிலும் சரிப்படாவிட்டால் டார்ச்சை உயரம் குறைந்த தனிப் பலகையில் மாற்றிப் பொருத்தலாம். பலகையின் மேற்பரப்பு தீப்பிடிக்காத தகடாக இருக்கட்டும். குழாய்களைக் கழற்றி மாட்டினால் மறுபடி பற்றவைக்கும் முன் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தாக வேண்டும். குமிழி வந்தால் இணைப்பு சரியில்லை.

சுடரை ஒரேயடியாகத் தாழ்த்திவிடுவதும் தவறுதான். தலையின் எடை 5 கிலோவை ஒட்டியது. அது நேராக நிற்கும்போது முதுகெலும்பு சுமக்கும், முன்னால் கவிழ்ந்தால் பிடரித் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். முகவாய் நெஞ்சை நோக்கிப் போகாமல், பார்வை மட்டும் இறங்கும் அளவே போதும்.

டார்ச்சை மேசையின் உள்ளே தள்ளி வைப்பது

பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் டார்ச்சை விளிம்பிலிருந்து 30 செ.மீ. உள்ளே பொருத்துகிறார்கள். ஆனால் மணி செய்வது டார்ச்சின் வாயில் அல்ல. டார்ச்சின் வாயை ஒட்டிச் சுடருக்குள் தெரியும் சிறு கூம்புகளின் நுனியைத் தாண்டிப் பல செ.மீ. தள்ளித்தான் மென்கண்ணாடியை (குறைந்த சூட்டிலேயே குழையும் கண்ணாடியை) காட்டுகிறோம், எளிதில் நிறம் கருகும் கண்ணாடி என்றால் இன்னும் தள்ளி. டார்ச்சும் உள்ளே, சுடரும் தூரம் என்றால் கை நீளும், கையைத் தொடர்ந்து முதுகு வளையும், இடுப்பு நாற்காலியின் சாய்விலிருந்து விலகும். டார்ச் மேசை விளிம்பை ஒட்டியே இருக்கட்டும், சுடர் உங்களிடமிருந்து விலகிச் சற்றே மேல்நோக்கிப் போகட்டும். கண்ணாடித் துளி மடியில் விழும் என்ற பயம் நியாயமானதே. அதற்கு விளிம்பில் ஒரு விரற்கடை உயரத்துக்கு உலோகத் தடுப்பும், மடியில் தோல் மேலங்கியும் போதும்.

முழங்கை எலும்பை ஊன்றுவது

கைக்குத் தாங்கல் வேண்டும் என்று தெரிந்தவர்களும் இங்கே பிசகுகிறார்கள். மேசையின் கூர்விளிம்பில் முழங்கை முனையை ஊன்றினால், முழங்கையின் உட்புறத்தில் தோலுக்கு மிக அருகில் ஓடும் நரம்பு நசுங்கும். எங்காவது இடித்துக்கொண்டால் விண்ணென்று சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல இருக்குமே, அதே நரம்புதான். மணிக்கட்டை ஊன்றுவதும் ஆகாது. மணிக்கட்டு கட்டுண்டால் மாண்ட்ரலைச் சுழற்றும் வேலை முழுவதும் விரல் மூட்டுகளின் தலையில் விழும்.

தாங்கல் படவேண்டிய இடம் முழங்கைக்குச் சற்று முன்னால் உள்ள சதைப்பற்றான முன்கை. டார்ச்சுக்கு இருபுறமும், தோளகலத்தில், ஏறக்குறைய 10 செ.மீ. அகலமுள்ள இரண்டு மரக்கட்டைகள் போதும். விளிம்பை இழைத்து உருட்டிவிட்டு, மேலே தடித்த தோலோ பல மடிப்புப் பருத்தித் துணியோ சுற்றிக்கொள்ளுங்கள். செயற்கை நுரைப்பஞ்சு மெத்தென்று இருக்கும், ஆனால் தெறிக்கும் கண்ணாடித் துண்டு ஒன்று பட்டாலே உருகிப் பற்றிக்கொள்ளும். அதை டார்ச் பக்கமே கொண்டுவர வேண்டாம். கட்டையின் உயரம், தோள் தொங்கிய நிலையில் முழங்கை நிற்கும் மட்டத்துக்கு 2, 3 செ.மீ. மேலே. அதைவிட ஏறினால் தோள் மறுபடி காதுக்குப் போகும்.

மாண்ட்ரலை இறுக்கிப் பிடிப்பது

சுழற்றும் கையின் கட்டைவிரல் நகத்தை அடுத்த மணி செய்யும்போது ஒரு கணம் பாருங்கள். நகத்தின் நுனிப் பக்கம் வெளுத்திருந்தால் பிடி தேவைக்கு மேல் இறுகியிருக்கிறது. சரியான பிடியில் நகம் இளஞ்சிவப்பாகவே இருக்கும், மாண்ட்ரல் விரல்களுக்கிடையில் உருளும்.

இறுக்கத்துக்குக் காரணங்கள் பல. 1.6 மி.மீ. மாண்ட்ரல் அத்தனை மெல்லியது. மெல்லிய பொருளைக் கிள்ளிப் பிடிக்கக் கட்டைவிரலின் அடித்தசை கூடுதலாக உழைக்கும். மணி இருக்கும் முனைக்கு எதிர்முனையில், சூடு எட்டாத கடைசி 8, 10 செ.மீ. பகுதியில் சிலிக்கான் குழாயைச் செருகிப் பென்சில் தடிமனுக்குக் கொண்டுவந்தால் பிடி தானாகத் தளரும். முடிந்த மணியை மெல்ல ஆறவைக்கும் சூளைக்குள் அந்த உறையோடு வைத்துவிடக் கூடாது, கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும். அடுத்தது, வளைந்த மாண்ட்ரல். சமதளத்தில் உருட்டிப் பார்த்தால் தள்ளாடும். அப்படித் தள்ளாடும் கம்பியில் மணி கோணலாகச் சுழலும், அதை அடக்க விரல்கள் அறியாமலே நெரிக்கும். நிமிர்த்த முடியாததை ஒதுக்கிவிடுவது நல்லது.

மூன்றாவது காரணம் கையில் இல்லை, சூட்டில் இருக்கிறது. குச்சியின் நுனி போதுமான அளவு குழையும் முன்பே மாண்ட்ரலில் வைத்து அழுத்துகிறோம். கண்ணாடி எதிர்க்கிறது, இரண்டு கைகளும் ஒன்றையொன்று தள்ளுகின்றன, தோள் வரை விறைக்கிறது. நுனி ஒளிர்ந்து, உருண்டு திரண்டு, தேன் துளிபோலத் தொங்கத் தொடங்கும்வரை பொறுத்திருங்கள். அந்த நிலையில் தொட்டாலே ஒட்டும், மாண்ட்ரல் சுழல்வதே அதை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். ஒட்டுமிடத்தில் மாண்ட்ரலும் செந்நிறம் காட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால், மணி பிறகு கழன்று வருவதற்காக மாண்ட்ரலில் பூசியிருக்கும் களிமண் பூச்சில் கண்ணாடி பிடிக்காது, மறுபடி அழுத்தத் தோன்றும். பிடியைத் தளர்த்தச் சொல்லி ஆயிரம் முறை அறிவுரை சொல்வதைவிட, இன்னும் சில நொடி சூடேற்றக் கற்றுக்கொடுப்பது பலன் தரும் என்பது எங்கள் திடமான எண்ணம்.

சுழற்சி விரல்களால் நடக்கட்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் உருட்ட, கம்பியின் வால்பகுதி உள்ளங்கையில் படுத்திருக்கட்டும். மணிக்கட்டை முன்னும் பின்னும் முறுக்கிச் சுழற்றினால் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி வந்து நிற்கும். வேகமும் தேவையில்லை. குழைந்த கண்ணாடி கீழே சரிவதற்கு ஈடுகொடுக்கும் அளவே சுழற்சி.

குச்சி பிடிக்கும் கையில் நீளம் முக்கியம். ஒரு மீட்டர்க் குச்சியை அப்படியே எடுத்தால் வால் ஆட ஆட மணிக்கட்டு அதை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 30 முதல் 35 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மறுபக்கம், வீணாக்க மனமில்லாமல் விரல் நீளத் துண்டு வரை பிடித்து வேலை செய்வதும் உண்டு. சூடு சுட, விரல்கள் பின்வாங்க, மணிக்கட்டு அசிங்கமாக மடங்குகிறது. 10 செ.மீ.க்குக் குறைந்ததும் அடுத்த குச்சியின் நுனியில் உருக்கி இணைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே விரிவுக் குணகம் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரிகிறது என்பதன் எண்) உள்ளதாக இருக்க வேண்டும். 104 உடன் 104 மட்டுமே சேரும், 33 குணகமுள்ள போரோசிலிகேட் என்னும் கடினக் கண்ணாடியை அதில் ஒட்டினால் ஆறும்போது விரிசல் நிச்சயம்.

மெல்லிய கண்ணாடி இழையால் மணியின் மேல் புள்ளி வைக்கும்போது கை நடுங்குகிறது என்று மூச்சைப் பிடித்து விறைக்க வேண்டாம். இரண்டு சுண்டுவிரல்களும் சுடருக்குக் கீழே, சூடு படாத இடத்தில் ஒன்றையொன்று தொடட்டும். நடுக்கம் இரண்டு கைக்கும் ஒன்றாகிவிடும், புள்ளி விலகாது.

கழுத்து வலிக்குக் காரணம் கண்

நாற்காலி, மேசை எல்லாவற்றையும் மாற்றியும் கழுத்து வலி தீரவில்லை என்றால் மூக்குக் கண்ணாடியைச் சந்தேகிக்க வேண்டும். டிடிமியம் கண்ணாடி, சோடியம் எழுப்பும் 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளியை வடிகட்டி, மணியைத் தெளிவாகக் காட்டுகிறது. கூடவே அறையையும் மங்கலாக்குகிறது. மங்கலானால் தலை முன்னே போகும். இருபுறமிருந்தும் மேசைமேல் ஒளி விழும்படி விளக்கு வையுங்கள். போரோசிலிகேட் வேலைக்கு அணியும் அடர்நிற வடிகட்டிகளுக்கு இது இன்னும் அவசியம்.

இரட்டைப் பார்வைக் கண்ணாடி போடுபவர்களின் பாடு வேறு. கிட்டப் பார்க்கும் பகுதி கீழே இருப்பதால் முகவாயைத் தூக்கிக்கொண்டு பார்ப்பார்கள், பிடரி மடங்கியே கிடக்கும். இயல்பாக உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கும் மணிக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு போய்க் கண் பரிசோதகரிடம் சொல்லுங்கள். பலருக்கு அது 40 செ.மீ. அளவில் வரும், புத்தகம் படிக்கும் தூரமும் அதுவும் எல்லாருக்கும் ஒன்றல்ல. அந்த ஒரே தூரத்துக்கான வில்லையை டிடிமியத்திலேயே செய்துகொள்ளலாம், அல்லது மேலே கவ்வும் வடிகட்டி போடலாம்.

முன்னால் குனிவதில் இன்னொரு கெடுதல். சுடரிலிருந்து எழும் சூடான காற்றோட்டத்துக்குள் முகம் நுழைந்துவிடுகிறது. காற்றுறிஞ்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சுடருக்கும் அதற்கும் நடுவில் மூக்கு இருந்தால் புகை மூக்கு வழியாகத்தான் போகும். நெற்றியில் வெதுவெதுப்பு தெரிந்தால் நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். உறிஞ்சியின் விளிம்பு பார்வையை மறைப்பதால் குனிகிறீர்களா என்றும் பாருங்கள். அப்படியானால் குனிவதை விட்டு உறிஞ்சியைத் தள்ளி அமையுங்கள்.

எட்டி எடுப்பது, திரும்பி வைப்பது

சூளையை முதுகுப் பக்கம் வைத்துவிட்டு, ஒவ்வொரு மணிக்கும் இடுப்பை முறுக்கித் திரும்புவது பரவலான பழக்கம். ஒரு நாளில் 30 மணி செய்தால் 30 முறுக்கல், அதுவும் கையில் சூடான மாண்ட்ரலோடு. மாண்ட்ரல் பிடிக்கும் கையின் பக்கமே, கதவு முழங்கை உயரத்துக்கு வரும்படி சூளை இருக்கட்டும். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் எல்லாவற்றையும் பக்கம் மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். இடுக்கி, கிராஃபைட் தட்டு, அன்றைக்கு வேண்டிய குச்சிகள், எல்லாம் முன்கையை வீசும் 35, 40 செ.மீ. வட்டத்துக்குள். சுடரைத் தாண்டி எதையும் எட்டி எடுக்கும்படி வைக்கக் கூடாது. சூடான குச்சிகளின் நுனி உங்களுக்கு எதிர்ப்புறம் நோக்கித் தாங்கியில் இருக்கட்டும்.

கால்

கீழே பெட்டிகளை அடுக்கிவிட்டுக் காலுக்கு இடமில்லாமல் பக்கவாட்டில் உட்காருபவர்களின் முதுகெலும்பு நாள் முழுக்கத் திருகியே இருக்கும். கால்மேல் கால் போடுவதும் வேண்டாம், சூடான துண்டு தெறித்தால் ஒரே உந்தலில் பின்னால் நகர முடிய வேண்டும். வழுக்கும் தரையில் சக்கர நாற்காலி போட்டால், அது நகராமல் பிடித்துக்கொள்ளத் தொடைகள் ஓயாமல் இறுகும். சக்கரத்துக்குப் பூட்டு இருக்கட்டும், அல்லது அடியில் சொரசொரப்பான, எளிதில் தீப்பிடிக்காத விரிப்பு. ஏதாவது கீழே விழும்போது முழங்கால்களைச் சேர்த்துப் பிடிக்கும் அனிச்சை எல்லாருக்கும் உண்டு. விழுவது உருகிய கண்ணாடி என்பதால் அதைப் பழகி மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்: விழுந்தால் விலகு.

வலித்த பிறகு ஓய்வெடுப்பது

மணி சூளைக்குள் போகும் அந்த நொடிதான் இயற்கையான இடைவேளை. அடுத்த குச்சியை உடனே எடுக்காமல், இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, விரல்களை விரித்து, தோளைப் பின்னோக்கி மூன்று நான்கு முறை சுழற்றுங்கள். 20 நொடி ஆகும். அரைமணிக்கு ஒருமுறை டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்து நடங்கள். அரைமணிக்கு மேல் பிடிக்கும் பெரிய மணிகளை நாளின் கடைசியில், களைத்த கையோடு தொடங்க வேண்டாம். நடுவில் விட முடியாது என்பதே அவற்றின் சங்கடம்.

எந்த விரல் மரக்கிறது என்பதும் ஒரு தகவல். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் முதலில் முழங்கைத் தாங்கலைப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டு மடங்கியிருக்கிறதா, பிடி இறுகியிருக்கிறதா என்று கவனியுங்கள். கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டை ஒட்டி வலித்தால் மாண்ட்ரலைத் தடிமனாக்க வேண்டிய நேரம். தூக்கத்தில் எழுப்பும் மரப்போ, பொருள்கள் கைநழுவுவதோ இருந்தால் டார்ச்சைத் தொடும் முன் மருத்துவரைப் பாருங்கள். உணர்ச்சி மங்கிய விரலுக்குச் சூடு தாமதமாகத்தான் தெரியும்.

மாற்றங்களை ஒரே நாளில் மொத்தமாகச் செய்தால் எது உதவியது என்று தெரியாது. முதலில் இருக்கையின் உயரம், இரண்டு மூன்று அமர்வுகளுக்குப் பின் முன்கைத் தாங்கல், அதற்கும் பின் பிடி என்று போங்கள். பொருந்திய உயரம் கிடைத்ததும் நாற்காலியின் தண்டிலும் தாங்கல் நிற்கும் இடத்திலும் வண்ணக் கோடு போட்டுவையுங்கள். ஒரே டார்ச்சைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் இடத்தில் ஆளுக்கொரு நிறம்.