இலவச ஆங்கிலப் பேச்சு வகுப்பு: முதல் 90 நிமிடத்தை நடத்துவது எப்படி?

பத்தாம் வகுப்புவரை ஆங்கிலம் படித்த பலருக்கு, யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வரும். அவரையே ஒரு கேள்வி கேட்கச் சொன்னால் தடுமாறுவார். பள்ளியில் கேள்வி கேட்டது ஆசிரியரும் வினாத்தாளும்தான். அதனால் பேச்சு வகுப்பில் இலக்கணத்தை மறுபடி நடத்த வேண்டாம். வருகிறவர் வாய் திறந்து பேசும் நிமிடங்களைக் கூட்டினால் போதும்.

இடத்துக்கு முதலில் உங்கள் ஊர் கிளை நூலகத்தில் கேளுங்கள். அங்கே வாசகர் வட்டம் இருந்தால் அதன் வழியாகப் போவது நல்லது. தனி அறையோ மாடியோ வேண்டும். மெதுவாகப் பேசச் சொல்லும் இடத்தில் இந்த வகுப்பு நடக்காது. 12 பேருக்கு மேல் வந்தால் நடத்த இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாற்காலிகளை நான்கு நான்காக வட்டமாகப் போடுங்கள். 12 பேரும் முறைவைத்து எல்லார் முன்னாலும் பேசினால், நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு ஏழரை நிமிடம்தான் கிடைக்கும். இருவர் இருவராகப் பேசினால் 45 நிமிடம்வரை கிடைக்கும்.

முதல் 10 நிமிடம் அறிமுகம், அதுவும் பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும். எழுந்து நின்று எல்லார் முன்னும் பேசச் சொன்னால் கூச்சப்படுகிறவர் அடுத்த வாரம் வரமாட்டார். ‘மைசெல்ஃப் குமார்’ என்று தொடங்குவார்கள்; ‘ஐ ஆம் குமார்’ என்று பலகையில் எழுதிவைத்தால் போதும்.

அடுத்த 25 நிமிடம் கேள்விச் சீட்டுகள். சீட்டில் முழுக் கேள்வி இருக்கக் கூடாது. ‘வேர்... வொர்க்’, ‘வாட் டைம்... கெட் அப்’ என்று இடையில் விட்டு எழுதுங்கள், கேட்பவர் நிரப்பட்டும். ‘யூ வேர் வொர்க்கிங்?’ என்பதுதான் அடிக்கடி வரும் பிழை. ‘நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள்?’ என்ற தமிழ் வரிசை அப்படியே வந்துவிடுகிறது. ‘வேர் டு யூ வொர்க்?’ என்று வாய்க்குப் பழகும்வரை பத்துப் பேரிடம் கேட்டால்தான் அது மாறும், விதியைச் சொல்லிக்கொடுப்பதால் மாறாது.

பிறகு 20 நிமிடம் ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்லும் பயிற்சி. நேற்று காலையிலிருந்து இரவுவரை என்ன செய்தேன் என்பதை ஒருவரிடம் 3 நிமிடம், அடுத்தவரிடம் 2 நிமிடம், மூன்றாமவரிடம் 1 நிமிடம். நால்வர் வட்டத்தில் ஒவ்வொருவருக்கும் சரியாக மூன்று ஜோடிகள் அமையும். மூன்றாம் முறை சொற்களைத் தேட வேண்டியிராது, வேகம் தானாக வரும். நடுவில் ஒரு சொல் வராவிட்டால் தமிழில் சொல்லிவிட்டு மேலே போகட்டும். தமிழ் பேசினால் அபராதம் என்ற விதியைத் தயவுசெய்து வைக்காதீர்கள். அது வாயைத்தான் கட்டும்.

உச்சரிப்புக்கு 15 நிமிடம். பை (bag), முதுகு (back), மூட்டை கட்டுவது (pack) ஆகிய மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களையும் தமிழில் எழுதினால் ‘பேக்’ என்றுதான் வரும். அதனால் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு படிப்பவர்களுக்கு வித்தியாசமே காதில் விழாது. குறிப்பேட்டை மூடச் சொல்லுங்கள். ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டருகே பிடித்து மூன்றையும் சொல்ல வேண்டும். மூட்டை கட்டும் சொல்லுக்குக் காகிதம் படபடக்கும், மற்ற இரண்டுக்கும் அசையாது. பைக்கு நடு ஒலியைச் சற்று இழுங்கள், முதுகுக்கு வெட்டிச் சொல்லுங்கள்.

இதுவரை யாரையும் இடையில் திருத்தியிருக்கக் கூடாது. இது கடினம்தான். ஆனால் பேச்சின் நடுவே திருத்தினால், சொல்ல வந்ததை மறந்து உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். வட்டங்களைச் சுற்றிவரும்போது காதில் விழுந்த பிழைகளைக் குறித்துக்கொண்டு, அடுத்த 15 நிமிடத்தில் ஐந்தை மட்டும் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுங்கள். ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’, ‘டிட் யூ வென்ட்’ இரண்டும் கட்டாயம் இருக்கும். சரியான வடிவத்தை அவர்களே சொல்லட்டும்.

கடைசி 5 நிமிடம், ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, எந்த இடத்தில் ஆங்கிலம் பேச வேண்டியிருக்கிறது என்று தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள்: பிள்ளையின் பள்ளிக் கூட்டம், வாடிக்கையாளர் போன், வேலைக்கான நேர்முகம். அடுத்த வாரக் கேள்விச் சீட்டுகளை அதிலிருந்து தயாரியுங்கள்.