கடை பாயிண்ட் விதிகள் மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மளிகை, ஜவுளிக் கடைகள் வாடிக்கையாளருக்குத் தரும் பாயிண்டை, தீபாவளிக்கு மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆண்டு முழுவதும் தொடாமல் வைத்திருப்பதுதான் முதல் தவறு. பென்னாகரத்திலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ மாதம் ஒருமுறை தருமபுரி டவுனுக்கு வந்து மளிகை வாங்கிப் போகும் குடும்பத்துக்கு இந்தப் பழக்கம் எளிதில் வந்துவிடுகிறது. 100 ரூபாய்க்கு 1 பாயிண்ட், 1 பாயிண்டுக்கு 1 ரூபாய் என்ற கணக்கில், மாதம் 6,000 ரூபாய்க்கு வாங்குபவர் ஓராண்டில் 720 ரூபாய் மதிப்புக்குச் சேர்த்திருப்பார். இடையில் கடை 1 பாயிண்டின் மதிப்பை 25 காசாகக் குறைத்தால் அது 180 ரூபாயாகிவிடும். 1,000 பாயிண்ட் இருந்தால்தான் கழிக்க முடியும் என்ற விதியும் சேர்ந்தால், அந்த 180 ரூபாயும் அன்றைக்குக் கைக்கு வராது. பாயிண்டுக்கு வட்டியும் கிடையாது. ஆகவே கழிக்கும் அளவுக்குச் சேர்ந்ததும் அடுத்த பில்லிலேயே கழித்துவிடுவது நல்லது.

விதி மாறிய பிறகு, பில் போடுபவரிடம் சண்டை பிடிப்பதால் பயன் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிய கணக்கை அவரால் மாற்ற முடியாது, பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் எரிச்சல். மேலாளரிடமோ நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலிலோ எழுத்தில் கேட்டு, புகார் எண்ணைப் பெற வேண்டும்.

பலர் சறுக்குவது, என்ன கேட்பது என்பதில்தான். திட்டத்தையே பழையபடி மாற்றுங்கள் என்று எழுதினால், விதிகளை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு என்ற ஒரு வரிப் பதிலே வரும். இனி வாங்கப்போகும் பொருளுக்கு எத்தனை பாயிண்ட் தருவது என்பது கடையின் விருப்பம்; ஆனால் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கியதற்குச் சேர்ந்த பாயிண்டின் மதிப்பை முன்னறிவிப்பின்றிக் குறைப்பது வேறு விஷயம். புகார் இந்த இரண்டாவதைப் பற்றி மட்டும் இருந்தால் அதற்கு வலு உண்டு. தருவதாகச் சொன்ன பரிசு முதலியவற்றைச் சொன்னபடி தரும் எண்ணமின்றி அறிவிப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது. அந்த எண்ணத்தை நிரூபிப்பது எளிதன்று என்பதால், கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

கடை பில்லின் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்பவரிடம் பெரும்பாலும் வெற்றுத்தாள்தான் இருக்கும். வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வையுங்கள். செயலியில் தெரியும் பாயிண்ட் இருப்பு, அன்றைய விதிகள் உள்ள பக்கம், மாற்றத்தை அறிவித்த எஸ்எம்எஸ் ஆகிய மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. செல்போன் எண்ணை மாற்றினால் கடையிலும் உடனே மாற்றிவிடுங்கள்.

பாயிண்ட் இன்றிரவு காலாவதியாகிறது என்று வரும் லிங்க்கைத் தொட்டு ஓடிபியைக் கொடுப்பது எல்லாவற்றிலும் கேடான தவறு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

கடையின் தலைமை அலுவலகம் பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிறதே என்று புகாரைக் கைவிடவும் வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அதில் தீராவிட்டால், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அது தருமபுரியானாலும் கிருஷ்ணகிரியானாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குத் தொடுக்கக் கட்டணம் இல்லை.