பழைய கார்களோடு ஐந்து நாள் மலைச் சுற்று: ஏற்பாடு முதல் இறக்கம் வரை

பத்மினி, அம்பாசடர், ஹெரால்ட் வைத்திருக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் கடைசியில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்: எல்லாரும் ஒரு தடவை சேர்ந்து மலைக்குப் போகணும். அப்படிப் போய் வந்த பிறகு, அடுத்து கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாயிண்ட் (பிளக்குக்குப் பொறி உண்டாக்கத் திறந்து மூடும் தொடுமுனை) கேப், டைமிங், வால்வ் கிளியரன்ஸ் எல்லாம் பார்த்து, வண்டி உள்ளூரில் ஒழுங்காக ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். அதையே இன்னும் பார்க்காதவர்கள் முதலில் மெக்கானிக்கிடம் போய்விட்டு வாருங்கள்.

முதலில் காகிதம்

ஆர்.சி. 15 வருடம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் குழப்பிக்கொள்வது 'விண்டேஜ்' பதிவைத்தான். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நம்பரில் 'வி.ஏ.' வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது; கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும்தான். குழுவில் அந்த மாதிரி வண்டி இருந்தால் கிளப் லெட்டர்ஹெட்டில் ரேலி விவரம், வழி, தேதி போட்ட ஒரு தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பழைய ஆர்.சி.யையே புதுப்பித்து ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் ஒரிஜினலாகக் கையில் இருக்கட்டும். மலையில் சிக்னல் இருக்காது, டிஜிலாக்கர் திறக்காது.

வழி

நான் சொல்லப்போகும் சுற்று கோவையில் தொடங்கி கோவையில் முடிகிறது. அவிநாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது; கிளம்பும் நாளுக்கு முந்தின மாலை எல்லாரும் அங்கே கூடலாம்.

முதல் நாள் பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை. 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் நாள் அதே மலையில் இறங்கி, ஆனைமலை வழியாக உடுமலை. பாதி நாள் ஓட்டம்தான். மீதிப் பாதி வண்டிகளைப் பார்க்க. மூன்றாம் நாள் சின்னார், மறையூர் வழியாக மூணாறு. நான்காம் நாள் தேவிகுளம், லாக்ஹார்ட் கேப், பூப்பாறை, போடிமெட்டு, போடி வழியாகத் தேனி. ஐந்தாம் நாள் வத்தலக்குண்டு, செம்பட்டி, ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக வீடு. கடைசி நாள் தூரம் அதிகம்தான், ஆனால் சமவெளி. தாராபுரம் தாண்டினால் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும், எதிர்க்காற்றில் பத்மினிக்கு மூச்சு வாங்கும்.

'ஒரே நாளில் வால்பாறையிலிருந்து மூணாறு போய்விடலாமே' என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். இன்னோவாவில் போகலாம். பழைய வண்டியில் ஒரே நாளில் ஒரு மலை இறங்கி இன்னொரு மலை ஏறுவது வேண்டாம். என் கணக்கு: மலையில் மணிக்கு 20 கி.மீ., சமவெளியில் 40. மலை நாளில் 100 கி.மீ.க்கு மேல் திட்டம் போடாதீர்கள். நாலு மணிக்குள் அறைக்குப் போய்விட வேண்டும். டைனமோ (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய கால ஜெனரேட்டர்) வைத்த வண்டிகளில் ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்து ஓடினால், மெதுவாகப் போகும்போது சார்ஜ் ஏறாது. மூடுபனி இறங்கினால் பேட்டரி இருட்டிலேயே உயிரை விடும்.

மாதம்? ஜனவரி, பிப்ரவரி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டவே வேண்டாம். வால்பாறைக்குப் பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மூணாறு கேப் சாலையில் மழைக்காலத்தில் மண் சரியும்.

வரிசையை முடிவு செய்வது நோஞ்சான் வண்டிதான்

கிளம்புவதற்கு முன் எல்லா வண்டியையும் ஒரு நாள் 60 கி.மீ. சேர்ந்து ஓட்டிப் பாருங்கள். எது மெதுவோ, எது சூடாகிறதோ, அது வரிசையில் இரண்டாவதாக வர வேண்டும். முதலாவதாக விட்டால் வழி தெரியாமல் தடுமாறும். கடைசியில் விட்டால் எல்லாரையும் துரத்திப் பிடிக்க மிதித்து மிதித்தே கொதித்துவிடும். கடைசியில் வரவேண்டியது மெக்கானிக்கும் ஸ்பேர்களும் ஏறிய புது வண்டி. பொலிரோவோ எதுவோ, இழுக்கத் தெம்புள்ளதாக இருக்கட்டும். 'புது வண்டி வந்தால் போட்டோ கெட்டுப்போகும்' என்பவரைப் போட்டோ எடுக்க அனுப்பிவிடுங்கள்.

ஒருவரை ஒருவர் தொலைக்காமல் இருக்க ஒரே விதி போதும்: ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. எந்தத் திருப்பத்திலும், பின்வண்டி தெரியும் வரை நின்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். வாட்ஸ்அப் குழு, லைவ் லொகேஷன் எல்லாம் ஆழியாறு செக்போஸ்ட் வரைதான். அதற்கப்புறம் தாளில் அச்சடித்த வழிக்குறிப்புதான் என் கட்சி: எத்தனையாவது கி.மீ., எந்தப் பக்கம், அடையாளம் என்ன. ஓடோமீட்டர் வேலை செய்யாத வண்டிகள் நிறைய, அதனால் அடையாளத்தை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பெட்ரோல்: இங்கேதான் மாட்டிக்கொண்டோம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

வால்பாறை ஏற்றத்தில் ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும், சில நாள் வரையாடுகளும் சாலையோரம் நிற்கும். எல்லாரும் நிறுத்தினோம். கால் மணி நேரம் கழித்துக் கிளம்பினால் குழுவிலிருந்த ஒரு பத்மினி சுழல்கிறது, பிடிக்கவில்லை. பிளக்கில் பொறி வருகிறது. பேட்டரி சரி. கார்புரேட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே சொட்டுப் பெட்ரோல் இல்லை. டேங்க்கிலோ முக்கால் அளவு இருக்கிறது.

வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் வழியிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்வது. ஓடிக்கொண்டிருக்கும்போது வராமல், நிறுத்தின பிறகு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஓடும்போது ஃபேன் காற்று அடிக்கிறது, குளிர்ந்த பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும்; இன்ஜின் பிளாக்கின் சூடு முழுக்க அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் பம்புக்கு ஏறும். பம்ப் டேங்க்கிலிருந்து உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். மேலே போகப் போகக் காற்றழுத்தமும் குறைகிறது. பெட்ரோல் ஆவியானதும் பம்ப் வெறும் ஆவியை அடித்துக்கொண்டிருக்கும்.

அங்கேயே செய்ய வேண்டியது: பானெட்டை முழுசாகத் திறங்கள். துண்டை நனைத்துப் பம்பின் மேலும், பம்புக்கு வரும் குழாயின் மேலும் சுற்றுங்கள். முதல் தடவை துண்டிலிருந்து ஆவி பறக்கும். இரண்டு மூன்று தடவை மாற்றி நனையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்புவது) மேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு நோய்க்கு மருந்து கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொண்டதாகிவிடும். பம்பில் கையால் அடிக்கும் லிவர் இருந்தால், அது கனமாகும் வரை அடியுங்கள். ஸ்டார்ட்டரைப் போட்டுக் கதற விடாதீர்கள், பேட்டரியும் போகும். குழாயில் துணி காயப்போடும் மரக் கிளிப் மாட்டினால் சரியாகும் என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு. மாட்டிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருப்பார்கள்; அந்தக் கால் மணி நேரம்தான் சரிசெய்கிறது, கிளிப் இல்லை.

வீட்டிலேயே செய்துகொண்டு கிளம்ப வேண்டியது: பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே தடித்த ஃபைபர் ஸ்பேசர் இருக்கிறதா பாருங்கள், பலர் கழற்றிவிட்டு வெறும் பேப்பர் கேஸ்கட் போட்டிருப்பார்கள். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போனால் விலக்கிக் கட்டுங்கள். அப்புறம், டேங்க் அருகே ஒரு எலெக்ட்ரிக் பம்ப். உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளுவதால் குழாயில் ஆவி தங்காது. கார்புரேட்டர் வண்டிக்கான குறைந்த அழுத்தப் பம்பாகக் கேட்டு வாங்குங்கள். இன்ஜெக்ஷன் வண்டிப் பம்பைப் போட்டால் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழிந்துவிடும், தீப்பிடிக்கும் ஆபத்து. கை எட்டும் இடத்தில் கட்-ஆஃப் சுவிட்சும் வேண்டும். ஒரிஜினாலிட்டி போய்விடும் என்பவர்கள் பழைய பம்பை அப்படியே இருக்கவிடலாம், யாரும் படுத்துப் பார்க்கப் போவதில்லை.

இதோடு எத்தனால் வேறு. இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய், டயாஃப்ரம் (பம்புக்குள் இருக்கும் சவ்வு) இதில் ஊறி உப்பி, மெத்தென்று ஆகும். எத்தனாலுக்குத் தாங்கும் வைட்டான் குழாய் கிடைக்கிறது, விலை அதிகம், பரவாயில்லை. டேங்க்கில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்த கசடையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும். கண்ணாடி மாதிரித் தெரியும் ஃபில்டர் ஒன்றைப் பம்புக்கு முன்னால் போட்டு, பழுப்பு நிறமானதும் மாற்றுங்கள். ஸ்பேர் நாலு இருக்கட்டும். இந்தச் சுற்றில் பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் டேங்க்கை நிரப்பிவிட்டால் பயமில்லை.

ரேடியேட்டர்

ஐந்து லிட்டர் கேன் தண்ணீர், புது மூடி, புது ஃபேன் பெல்ட். கழற்றின பழைய பெல்ட்தான் ஸ்பேர். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தம் பிடிக்காத வண்டி மூணாறு ஏற்றத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

இறக்கம்

ஏறுவதைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஏறாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது நிற்காமல் போனால்தான் பிரச்சினை. போடிமெட்டிலிருந்து போடிக்கு 17 வளைவுகளில் ஏறத்தாழ 1,000 மீட்டர் இறங்குகிறோம், அதுவும் பெரும்பாலும் நாலு பக்கமும் டிரம் பிரேக் வைத்த வண்டிகளில்.

எந்த கியரில் ஏறுமோ அந்த கியரில் இறங்குங்கள். வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறையுங்கள், வளைவுக்குள் வேண்டாம். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டும் பழக்கம் யாருக்காவது இருந்தால், சாவியை வாங்கி இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடியே வருவது தப்பு. அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டுவிட வேண்டும். கருகல் வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனாலோ ஓரம் கட்டுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ஹேண்ட் பிரேக்கும் இழுக்காதீர்கள். டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூ இறுகிப் பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஆளுக்கு இரண்டு மரக்கட்டை, தச்சரிடம் முக்கோணமாக அறுத்து வாங்கிக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் பிரேக் ஆயிலை முழுசாக மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும். 'போன வருஷம்தான் டாப்-அப் பண்ணினேன்' என்பது கணக்கில் வராது. இன்னொன்று, மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிற நாம்தான் ஒதுங்க வேண்டும். வால்பாறை பஸ் வளைவில் சாலை அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நில்லுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள

பாயிண்ட் செட், காயில், ரோட்டார், பிளக், வீல் சிலிண்டர் கிட், பம்ப் டயாஃப்ரம், கட்டி இழுக்கக் கயிறு, தீயணைப்பான். கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காக்கும் சின்னப் பாகம்) மட்டும் புதிதாக வாங்கி அப்படியே ஸ்பேராக வைக்காதீர்கள். இப்போது வரும் புதுக் கண்டென்சர்களை நான் நம்புவதில்லை. புதிதைப் போட்டு ஓட்டிப் பார்த்து, ஓடிப் பழகிய பழையதை ஸ்பேராக வையுங்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷன் நல்லதுதான், ஆனால் மறையூரில் அது போனால் மறையூரிலேயே இருக்க வேண்டியதுதான். பாயிண்ட் என்றால் உப்புத்தாளால் தேய்த்துக் கிளம்பிவிடலாம். குழுவில் ஹெரால்ட் இருந்தால் மெக்கானிக் உங்களை வாழ்த்துவார்: பானெட்டோடு முன்பக்கம் முழுசாகச் சாய்ந்து திறக்கும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு இருவர் கேட்டது: இ-பாஸ் வேண்டுமா? ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் தொடங்கிய முறை வால்பாறைக்கும் வந்துவிட்டது. கிளம்பும் முன் ஒவ்வொரு வண்டி நம்பருக்கும் தனித்தனியாக எடுத்து, அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய நம்பரில் இடைவெளி, எழுத்து வரிசை சரியாக ஆர்.சி.யில் இருப்பது போலவே போடுங்கள்.

இன்னொருவர் சின்னாரில் வண்டி நின்றுபோய்த் திண்டாடினாராம். அது சரணாலயம், வழியில் நிறுத்தக் கூடாது, யானை சாலையைக் கடக்கும் இடம். சந்தேகமான வண்டியைச் செக்போஸ்ட்டுக்கு முன்பே பத்து நிமிடம் ஆறவிட்டு, பம்பில் ஈரத்துண்டு சுற்றி, அங்கே மட்டும் வரிசையை மாற்றிப் பொலிரோவுக்கு நேர் முன்னால் விட்டு உள்ளே நுழையுங்கள். அங்கே நின்றால் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கயிற்றைக் கட்டி அடுத்த செக்போஸ்ட் வரை இழுத்துப் போய், அங்கே வைத்துப் பாருங்கள். கயிறு கட்டுவதைப் பம்பரில் செய்யாதீர்கள், முன் கிராஸ் மெம்பரில் (வண்டியின் அடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டம்) கட்டுங்கள். பழைய குரோம் பம்பர் மறுபடி கிடைக்காது.